தங்கச்சியைக் கேக்கவேணும்

இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் முப்பத்தோராம் நாளில் எங்கள் வணக்கம். சிட்னியில் எங்கள் ஆட்களின் வீடுகளில் யார் கண்ணை மூடினாலும் நினைவு மலரைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, பிழை பார்த்துக் கொடுத்தவர் அக்கா. தன்னுடைய மலரைப் பார்க்க அவர் இல்லை. ஆகையால் இதில் பிழைகள் இருக்கும். கண்டால் என்னை ஏசுங்கள், அக்காவை ஏசவேண்டாம்.

மலரில் போனவரின் நற்குணங்களை எழுதுவதுதான் வழக்கம். எழுதுகிறவரின் கெட்ட குணத்தை யாரும் எழுதுவதில்லை. ஆனால் என்னுடைய பொறாமையை விட்டுவிட்டு எழுதினால் அக்காவின் கடைசி இரண்டு வருடங்கள் யாருக்கும் விளங்காது. முதலில் அதை மறைத்துத்தான் ஒரு கட்டுரை எழுதினேன். மிகவும் அழகாக வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அக்கா யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்கு அண்மையில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஏழு வருடங்களுக்குப் பிறகு நான் பிறந்தேன். இடையில் வேறு யாரும் இல்லை. அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினேழு வயது. படிப்பை நிறுத்திவிட்டு ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குப் போனார். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் பார்த்து வாசித்துப் பழகியதால், பஸ்ஸில் எதிரே இருப்பவர் மடியில் விரித்த பத்திரிகையை அவருக்கு முன்னரே வாசித்து முடித்துவிடுவார். அந்தச் சம்பளத்தில் நான் பள்ளிக்கூடம் போனேன். இடம்பெயர்ந்த நாட்களில் அம்மாவை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தவர் அவர். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதவும் மாட்டார், கதைக்கவும் மாட்டார்.

அத்தானைத் திருமணம் செய்து சிட்னிக்கு வந்த கையோடு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஒரு பிளற்றில் நால்வரும் இருந்தோம். அத்தானுக்கு அப்போது தொழிற்சாலையில் வேலை. அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து, விடிய முன்னர் போய்ப் பின்னேர ரயிலில் வருவார். நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்தேன். பகல் முழுவதும் அம்மாவோடு இருந்தவள் நான்தான். அக்கா களைத்து வந்து கதிரையில் இருந்ததும் நான் தேத்தண்ணி கொடுப்பேன். வாயில் வைத்ததும், "ஆறின தேத்தண்ணி போடுறதுக்கெண்டே பிறந்தவள் என்ரை தங்கச்சி" என்பார். என்னுடைய கலியாணத்திலும் மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்தினார். ஆயுள் முழுக்க அந்தக் கேலி.

மலர் அடிக்கும் வேலை அவருக்கு ஒரு துணைத்தொழில் போலவே ஆகிவிட்டது. ஆனால் யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. எனக்குத் திருமணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் அக்கா வீட்டில்தான். கணினிக்கு முன்னால் அவர், குசினி வாசலில் ஒரு கதிரையில் நான். மூலப்படியை நான் சத்தமாக வாசிப்பேன், "கமா", "முற்றுத்தரிப்பு" உட்பட. அவர் திரையில் சரிபார்ப்பார். எத்தனையோ குடும்பங்களின் தாய்மாரையும் தகப்பன்மாரையும் நாங்கள் இருவரும் இப்படி வாசித்து அனுப்பிவைத்தோம். அந்தக் கதிரை என்னுடையது என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மா போனபோதும் மலரை, பழைய ஆட்கள் சொல்லும் கல்வெட்டை, அக்காதான் செய்தார். அம்மா கதைக்கும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வீடு சிரிக்கும். நான் அம்மா சொல்லும் கதைகளை அம்மா சொல்வது போலவே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாசித்தார், சிரித்தார், பிறகு எல்லாவற்றையும் வெட்டினார்.

"ஏனக்கா, அம்மா உப்பிடித்தானே கதைக்கிறவ?"

"கல்வெட்டுக்கு எண்டு ஒரு மரியாதை இருக்கடி. நாளைக்குச் சனம் வாசிச்சுப்போட்டு அம்மாவைப் பாத்துச் சிரிக்கிறதே?"

அம்மாவின் மலரில் அம்மா "இல்லறம் இனிது நடாத்தி, விருந்தோம்பலிற் சிறந்து" விளங்கினார். அதில் பிழை ஒன்றும் இல்லை. அம்மாவும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன், மூத்தவர் சொன்னால் சரி என்று.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வழமைபோல் போனேன். என் கதிரையில் ஒரு பெண்மணி இருந்தார். உயரமானவர், தலையில் நீலத் துணி அழகாகச் சுற்றியிருந்தார். அவர் சியோமா. முதியோர் இல்லத்தில் அக்காவோடு ஒரே நேர முறையில் வேலை செய்தவர், லிட்கமில் குடியிருப்பவர், நைஜீரியாவின் இக்போ இனத்தவர்.

"பாவமடி, தாய் செத்து ஒரு வருசம் வரப்போகுது. செத்தவீட்டுக்கும் போகேல்லையாம். ரெண்டாம் வருச நினைவுக்கெண்டாலும் தங்கட ஆக்களுக்கு ஒரு புத்தகம் அடிச்சுக் குடுக்க வேணுமாம். அவையளும் எங்களைப்போலத்தான்" என்றார் அக்கா.

உண்மைதான். அவர்களிடமும் இந்த வழக்கம் உண்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் எழுதிப் படங்களோடு அச்சடித்து நினைவு நாளில் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு கிழமையில் முடியும் வேலை. சியோமாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். "என் அம்மா ஒருநாளும் என்னை ஆங்கிலத்தில் ஏசியதில்லை."

சரி, இக்போவில் எழுதட்டுமே என்றால் அதிலும் ஒரு சிக்கல். வேதாகமத்திலும் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கும் இக்போ ஒன்று. அவருடைய அம்மா பேசியது இம்பைசே என்ற பகுதியின் இக்போ. ஆங்கில எழுத்துகளையே எடுத்து, சில உயிரெழுத்துகளின் கீழே ஒரு புள்ளி வைத்து, சில எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, முப்பத்தாறு எழுத்தாக்கி அவர்கள் எழுதுகிறார்கள். பொது மொழிக்கு அது போதும். இம்பைசேக்காரர் மூக்கால் சொல்லும் ஒலிகளும் மூச்சைக் கலந்து சொல்லும் ஒலிகளும் அதற்குள் அடங்குவதில்லை. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் யாரும் குறிப்பதுமில்லை. ஊரில் பிறந்தவர் எழுத்தைப் பார்த்துத் தாமாகவே சரியாக வாசித்துவிடுவார். சிட்னியில் பிறந்த சியோமாவின் பிள்ளைகளால் அது முடியாது.

அக்காவுக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. "எங்கட 'க' மாதிரித்தான். 'கடல்' எண்டேக்கை ஒரு சத்தம், 'தங்கம்' எண்டேக்கை வேறை சத்தம். எங்களுக்கு ஆரும் சொல்லித்தர வேண்டிக்கிடக்கே? துளசிக்குத்தான் சொல்லவேணும்" என்றார். துளசி அக்காவின் மகள், சிட்னியில் பிறந்தவள்.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் சியோமா தன் அம்மா பேசிய சொல்லைச் சொல்வார், அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், திரும்பச் சொல்லச் சொல்லுவார். மூக்கால் வரும் ஒலிக்கு மேலே ஒரு சிறு அலைக்கோடு, மூச்சுக்கு ஓர் எழுத்துக் கூடுதல், குரல் ஏறினால் ஒரு சாய்கோடு, இறங்கினால் மறுபக்கச் சாய்கோடு என்று இருவருமாகத் தீர்மானித்தார்கள். ஒரு சொல்லுக்கு அரை மணித்தியாலம். எனக்கு ஒரு முக்காலி கிடைத்தது. வாசிக்க எனக்கு எதுவும் இல்லை. அவர்கள் இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைப் பத்துத் தரம் சொல்லிச் சிரிக்கும்போது நான் குசினியில் வெங்காயம் வெட்டினேன். கண்ணீருக்கு அது வசதியாக இருந்தது.

நான் சியோமாவில் குறை தேடினேன். கிடைக்கவில்லை, அதுதான் பெரிய எரிச்சல். வரும்போது ஒருநாளும் வெறுங்கையோடு வரமாட்டார். கையில் வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டவரை விட அவர்தான் அதிகம் வருந்துவார். "இண்டோ, இண்டோ" என்பார். தன்னால் நடக்காத துன்பத்துக்கும் ஆறுதல் சொல்லும் சொல்லாம் அது. ஒருநாள் என் கால் கதவில் இடிபட்டபோது அக்காவும் "இண்டோ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயோ எண்டு சொன்னாக் காணாதோ?" என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள்.

சியோமாவின் ஆட்களுடைய சபையிலும் எதிர்ப்பு இருந்தது. பொது மொழியில் எழுதாமல் சந்தைப் பேச்சை அச்சடிப்பதா என்று ஒரு பெரியவர் கேட்டாராம். அதைச் சியோமா வந்து சொன்னபோது அக்கா சொன்ன பதிலை நான் முக்காலியில் இருந்தபடி கேட்டேன். "உன்ரை அம்மா சந்தையிலைதானே எண்ணெய் வித்தவ. அந்தக் குரலிலைதானே உன்னை வளத்தவ. அதை வெட்டினா வேறை ஆரோ ஒரு மனிசிக்குத்தான் புத்தகம் அடிக்கவேணும்." அரைகுறை ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. என்னிடம் மரியாதை என்று சொன்ன அதே வாய்.

அச்சகத்திலிருந்து முதற்படி வந்தபோது புள்ளியும் கோடும் வைத்த எழுத்துகள் எல்லாம் வெறும் கட்டங்களாக வந்திருந்தன. பக்கம் முழுக்கக் கட்டங்கள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சந்தோசம்தான். அக்கா இரண்டு கிழமை லீவு எடுத்து ஒவ்வோர் எழுத்தையும் திரும்பப் போட்டார். அம்மாவின் மலருக்கு அவர் ஒருநாள் லீவுகூட எடுக்கவில்லை.

லிட்கமில் ஒரு மண்டபத்தில் அந்த நினைவு நாள் நடந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள். சியோமாவின் மகள், ஆங்கிலம் தவிர வேறெதிலும் பதில் சொல்லாத பிள்ளை, மேடையில் ஏறிப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். பிந்தி வரும் வாடிக்கையாளரிடம் உறைந்துபோன எண்ணெய்ப் போத்தலைக் காட்டி, "உன்னைக் காத்திருந்து இதுக்குக் கண்ணயர்ந்து போச்சு" என்று அந்த அம்மா சொல்வாராம். அந்த வரியை அவள் வாசித்ததும் மண்டபம் கலகலத்தது. எதிர்த்த அந்தப் பெரியவரே எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார். எனக்குச் சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு தாய் அந்த மண்டபத்துக்குள் வந்து போனது விளங்கியது.

திரும்பிவரும்போது காரில் கேட்டுவிட்டேன்.

"சியோமான்ரை அம்மாவுக்கு ஒரு ஞாயம், எங்கட அம்மாவுக்கு ஒரு ஞாயமோ?"

 பரமட்டா தாண்டியதும் அக்கா, "நான் பிழைதான் விட்டிட்டன்" என்றார். அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "இனி ஞாயிற்றுக்கிழமையிலை என்னைப் பாக்காதையுங்கோ. உங்களுக்கு ஆள் இருக்குத்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனேன்.

ஏழு மாதம் நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு தெரு தூரம். கோயிலில் கண்டால் "சுகமோ?" என்பார். "ஓம்" என்பேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றால் அவர் தானாக வந்து கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நடந்தது. இந்த முறை அவர் வரவில்லை. ஞாயிறுகளில் அவருடைய கார் லிட்கம் பக்கம் போவதை என் யன்னலால் பார்ப்பேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை வேலையிடத்தில் அக்கா விழுந்தார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், கண் மட்டும் எங்களைத் தேடும். என்னைக் கண்டால் வாய் அசையும். ஏதோ கேட்க நினைக்கிறார் என்று தெரிந்தது. தண்ணீரா, தலையணையா, துளசியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதற்கும் தலையாட்டவில்லை. மறுபக்கத்தில் சியோமா இருந்து பாதங்களைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கேயும் எனக்கு அந்தப் பாதங்கள் என்னுடையவை என்ற எண்ணம்தான் வந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, அத்தானும் துளசியும் நானும் பக்கத்தில் இருக்க, அக்கா அமைதியானார்.

நான் கிழித்துப்போட்டதாகச் சொன்ன முதற் கட்டுரையில் சியோமாவின் பெயர் இல்லை. நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை. அதை அச்சுக்குக் கொடுக்க இருந்த வாரம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கொப்பி.

"இது என் வீட்டில் இருந்தது. ஞாயிறுகளில் இதைத்தான் எழுதினார். எனக்கு உதவியதற்குப் பதிலாக நான் பக்கத்தில் இருந்து சமைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்றார்.

கொப்பியின் முதற்பக்கத்தில் "அம்மா" என்று எழுதியிருந்தது. உள்ளே அம்மா. இல்லறமும் இல்லை, விருந்தோம்பலும் இல்லை. எங்கள் அம்மா, தன் வாயால் கதைத்தபடி. 'எண்டு'ம் இருந்தது, 'என்ரை'யும் இருந்தது, ஏச்சும் இருந்தது. சில சொற்களுக்கு மேலே சியோமாவின் புத்தகத்தில் போட்ட அதே சாய்கோடுகள். அம்மாவின் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று துளசிக்காகக் குறித்திருந்தார். இடையிடையே வெற்றிடம் விட்டு, அருகே பென்சிலால் ஒரே வாக்கியம். தங்கச்சியைக் கேக்கவேணும். அடுத்த பக்கம். தங்கச்சியைக் கேக்கவேணும். பகலில் வீட்டில் இல்லாதவர் அக்கா. பகல் அம்மாவைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சியோமாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியம் தெரிந்திருந்தது. "ஒவ்வொரு கிழமையும் தங்கச்சியைக் கேட்கவேண்டும் என்று சொல்வார். கேளுங்களேன், இரண்டு தெருதானே என்பேன். கோபம் ஆறட்டும், முழுவதையும் எழுதிவிட்டுக் கொண்டுபோகிறேன், வெறும் மன்னிப்போடு போகமாட்டேன் என்பார்" என்றார்.

நான் வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். அவர் பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவினார். "இண்டோ" என்றார். அதை இந்த முறை நான் தட்டிவிடவில்லை.

இனி நன்றி. அக்கா இந்தப் பக்கத்தை ஒருநாளும் தானாக எழுதமாட்டார். இறந்தவரின் வீட்டார் வாயால் சொன்னால்தான் போடுவார். ஆகவே நானும் வாயால் சொல்லிப் பார்த்தே எழுதுகிறேன். பதினொரு நாளும் கண்விழித்துப் பார்த்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், வீட்டுக்கு உணவு கொண்டுவந்த அயலவருக்கும், மெல்பேணிலிருந்து காரில் வந்து சேர்ந்த உறவுகளுக்கும், கிரியைகளை நடத்தித்தந்த ஐயாவுக்கும், இறுதிவரை அக்காவின் கையை விடாத அத்தானுக்கும் எங்கள் நன்றி. சியோமாவுக்கும் நன்றி. ஏழு மாதம் நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். அதை அவரிடமே சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு அவர் என் வீட்டுக்கு வருகிறார், கதிரை போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா, கொப்பியில் நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். டெலிபோனில் யாரும் ஆங்கிலத்தில் கதைத்தால், வீட்டில் ஆளில்லை, பிறகு எடு என்பதற்கு அம்மா சொல்வது, "நோ வீடு, நோ வீடு, பேந்து எடு." என் தையல் மெசின் சத்தம் போட்டால், "உதுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடடி, தொண்டை கட்டிப்போச்சு."

கடைசிப் பக்கத்தில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலைக்குப் போனாப் பிறகு அம்மா என்னைப் பற்றி ஏதும் கதைப்பாவோ?

கதைப்பா அக்கா. வேறொன்றும் கதைக்கமாட்டா. பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்தவள் நான், கதை முழுக்க நீங்கள். சியோமா வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்னரே எனக்குப் பொறாமைப்பட ஓர் ஆள் இருந்தது, அது நீங்கள்தான். அதனால்தான் இதை உங்களுக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. மூன்று மணி தொடங்கினால் ஸ்ரேசனில் எந்த ரயில் வந்து நின்றாலும் அம்மா யன்னலடிக்குப் போய்விடுவா. நான் முதல் ரயிலுக்கே எழும்பி, கேத்திலில் தண்ணி கொதிக்கவைத்து, தேத்தண்ணி போட்டு வைப்பேன். நீங்கள் நாலாவது ரயிலிலோ ஐந்தாவது ரயிலிலோதான் வருவீர்கள். தேத்தண்ணி ஆறினது அதனால்தான். ஒவ்வொரு ரயிலுக்கும், அம்மாவின் வாயில் அது கோச்சி, இதைத்தான் சொல்லுவா:

"அந்தா, என்ரை மூத்தவளின்ரை கோச்சி வந்திட்டுது. கேத்திலைப் போடடி, பிள்ளை களைச்சு வரப்போறாள்."